ஏடிஎம் கார்டு இந்த மாசத்தோட முடியுது, நான் வெளிநாட்ல இருக்கேன் (அவசரம்)

குடமுருட்டி
வணக்கம். கார்டு இந்த மாசக் கடைசியோட எக்ஸ்பைரி. புதுக் கார்டு அனுப்பியாச்சுன்னு பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ் வந்துச்சு, ஆனா கார்டு வந்து சேரல. கஸ்டமர் கேர்ல கேட்டா உங்க கிளையைப் பாருங்கங்கறாங்க. கிளைக்குப் போன் போட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆள் இல்ல. நான் அடுத்த வருஷம்தான் ஊருக்கு வர முடியும். யாருக்காவது இப்படி ஆகியிருக்கா? சீக்கிரம் சொல்லுங்க.

ஷார்ஜா பாய்
எந்த நாடு தம்பி? வளைகுடான்னா கவலையே வேணாம். வீட்டுக்குக் கார்டு வந்ததும் ஊர்லேர்ந்து வர்ற ஆள்கிட்ட கொடுத்து விடச் சொல்லுங்க. திருச்சி ஃப்ளைட்ல நம்ம ஆளு யாராச்சும் வந்துக்கிட்டேதான் இருப்பான். கூரியர் மட்டும் வேணாம். எனக்கு அனுப்பினப்போ கவுன்டர்லயே கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு, பேங்க் கார்டெல்லாம் எடுக்கறதில்லன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் மச்சான் ஒருத்தன் முறுக்கு டப்பாக்குள்ள வச்சுக் கொண்டாந்தான். மெஷின்ல சொருகுறதுக்கு முன்னாடி எண்ணெயைத் துடைக்க வேண்டியிருந்துச்சு.

நெட்டிலிங்கம்
எந்த பேங்க்? எந்த நாடு? கணக்கு என்ஆர்இயா, என்ஆர்ஓவா (வெளிநாட்ல வசிக்கறவங்களுக்கான ரெண்டு வகைக் கணக்கு)? விசாவா, ரூபேயா? இதெல்லாம் சொல்லாம என்னத்தைச் சொல்றது.

சிக்னல் சிவா
பிரச்சினை கார்டுல இல்ல ப்ரோ, சிம்லதான். ரீசார்ஜ் விட்டுப்போய் நம்பர் செத்திருக்கும், ஓடிபி வராது, ஓடிபி வராட்டி எதுவுமே ஓடாது. கம்மி விலைல வருஷ பிளான் ஒண்ணு போட்டு ரோமிங்கை ஆன் பண்ணி வைங்க. வெளிநாட்ல எஸ்எம்எஸ் வர்றதுக்குக் காசு கிடையாது. நான் எல்லாருக்கும் சொல்றது இதான்.

கணக்கன்
கேள்வி கேட்பதற்கு முன் என்னென்ன விவரம் தர வேண்டும் என்று மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். படிப்பவர் யாருமில்லை. "வெளிநாடு" என்ற பெயரில் உலகப் படத்தில் எந்த நாடும் இல்லை.

குடமுருட்டி
சாரி சார். ஜெர்மனி, ஹாம்பர்க். அரசு பேங்க், பேர் வேணாமே. சாதா சேவிங்ஸ்தான், சென்னைல வேலைல சேர்ந்தப்போ ஓப்பன் பண்ணது. கார்டு ரூபே. சிவா, பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ் வந்துச்சுன்னு மேலயே எழுதியிருக்கேனே, சிம் நல்லாத்தான் இருக்கு.

சிக்னல் சிவா
இப்ப நல்லா இருக்கும். மூணு மாசம் கழிச்சுப் பாருங்க.

கணக்கன்
சாதா சேவிங்ஸா! ஜெர்மனியில் வேலை பார்த்துக்கொண்டு சாதா சேவிங்ஸ்! ஐயா, வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பினால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் இந்தியாவில் வசிக்காதவர். அந்தக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும். என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள் என்று பயந்து நிறையப் பேர் மாற்றாமலே காலத்தை ஓட்டுகிறார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை என்ஆர்இயில் போட்டால் அந்த வட்டிக்கு இங்கே வரியே கிடையாது என்பதாவது தெரியுமா? முதலில் இதைச் சரி செய்யுங்கள், கார்டு தானாக வரும்.

நெட்டிலிங்கம்
தானா எப்படிங்க வரும்?

எல்பே அக்கா
நானும் ஹாம்பர்க்தான். வெறும் ரூபே கார்டை வச்சு இங்க என்னப்பா பண்றீங்க? ரூபே குளோபல்னா டிஸ்கவர், டைனர்ஸ் கார்டு எடுக்கற இடத்துல ஓடும். சாதா ரூபே உள்நாட்டுக்கு மட்டும்தான். இங்க பாதிக் கடைல ஜிரோகார்டுங்கற (girocard) இந்த ஊரு பேங்க் கார்டைத்தான் கேக்கறாங்க, விசாவையே சில பேக்கரில வாங்க மாட்டேங்கறாங்க. எதுக்குத்தான் அந்தக் கார்டு? அதைச் சொன்னா வழி சொல்லலாம்.

வாலட் வேந்தன்
கார்டை விடுங்க. யுபிஐ இருக்கறப்போ கார்டு எதுக்கு? இப்பல்லாம் வெளிநாட்டு நம்பர்லயே யுபிஐ போடலாம்.

நெட்டிலிங்கம்
எல்லா நாட்டுக்கும் இல்ல வேந்தன். 2023 ஜனவரில யுபிஐயை நடத்துற என்பிசிஐ பத்து நாட்டைத்தான் சொன்னாங்க. சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங். அந்தப் பட்டியல்ல ஜெர்மனி இல்ல. அதுவும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குக்குத்தான். இவரோடது ரெண்டும் இல்ல.

வாலட் வேந்தன்
இந்திய சிம் வேலை செய்யுதுன்னு அவரே சொல்றாரே, அதுலயே போடட்டும். பின் செட் பண்ண கார்டு நம்பரோட கடைசி ஆறு எண் போதும்.

நெட்டிலிங்கம்
எக்ஸ்பைரி தேதியும் கேக்கும். அதுதானே இங்க முடியப்போகுது.

வாலட் வேந்தன்
ஆதார் ஓடிபி வச்சும் பின் போடலாம், தெரியாதா உங்களுக்கு?

குடமுருட்டி
எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. கார்டு என்கிட்ட இல்ல, அம்மாகிட்ட இருக்கு. பாபநாசத்துல ஏடிஎம்ல வீட்டுச் செலவுக்கு எடுப்பாங்க. நான் மாசா மாசம் அந்த அக்கவுன்ட்ல பணம் போட்டு விடுவேன். பேங்க்ல இருக்கற அட்ரஸ் நான் முன்ன இருந்த வேளச்சேரி வாடகை வீடு. புதுக் கார்டு அங்கதான் போயிருக்கும் போல. அங்க இப்ப யார் இருக்காங்கன்னு தெரியல, ஹவுஸ் ஓனர் நம்பரும் இல்ல.

நெட்டிலிங்கம்
அட போய்யா.

ஷார்ஜா பாய்
கார்டு ஹாம்பர்க்குக்கு வரவே வேண்டாம், வேளச்சேரிலேர்ந்து பாபநாசம் போனா போதும். இதுக்கு நான் ஃப்ளைட்ல ஆள் தேடிக்கிட்டு இருந்தேன்.

பழைய காசாளர்
தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். ஆள் இல்லையென்று தபால்காரர் திருப்பியிருந்தால் கார்டு பேங்குக்கே போயிருக்கும். கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், கேட்டு யாரும் வராவிட்டால் வெட்டிப்போட்டு விடுவார்கள். யாராவது வாங்கி வைத்திருந்தாலும் உடனே பதற வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து புதிதாக வரும் கார்டில் உள்நாட்டு ஏடிஎம்மும் கடை மெஷினும் மட்டும்தான் திறந்திருக்கும். ஆன்லைன், தட்டிப் பணம் கட்டுவது, வெளிநாடு எல்லாம் நாமாகத் திறந்தால்தான் உண்டு. ஆனாலும் நெட் பேங்கிங்கில் போய் அந்தப் புதுக் கார்டை இன்றைக்கே முடக்கி விடுங்கள்.

அடுத்தது முகவரி. அதை மாற்றாமல் மறுபடியும் கார்டு கேட்டால் அதுவும் வேளச்சேரிக்குத்தான் போகும். கிளைக்கு மெயில் போடுங்கள், பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்தே போடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், செலவில்லை.

செக் புக் வீட்டில் இருந்தாலும் கணக்கு சென்னைக் கிளையில் இருப்பதால் பாபநாசத்தில் அம்மா கையில் பணம் தர யோசிப்பார்கள். அது சரிப்படாது.

கணக்கன்
அம்மாவானாலும் அடுத்தவர் கையில் கார்டையும் பின் நம்பரையும் கொடுப்பதே தப்பு. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் படியுங்கள். பின்னைப் பகிர்ந்ததால் பணம் போனால், பேங்குக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் முழுவதும் உங்கள் தலையில்தான். இப்படிச் செய்துவிட்டு இங்கே வந்து அழுவார்கள்.

எல்பே அக்கா
யாரும் அழலீங்க. அம்மா பணம் எடுக்கறது திருட்டா?

கணக்கன்
திருட்டு என்று நான் சொல்லவில்லை. தப்பு என்றேன். படித்துவிட்டுப் பேசவும்.

பழைய காசாளர்
கணக்கன் சொல்வது விதி, மறுக்கவில்லை. ஆனால் பென்ஷன் நாளில் ஏடிஎம் வாசலில் நின்று பாருங்கள். "கண்ணு தெரியலய்யா, நீயே போட்டுக் கொடு"ன்னு முன்பின் தெரியாதவனிடம் கார்டை நீட்டுகிற கிழவிகள் எத்தனை பேர். பின் நம்பரைச் சிகப்பு இங்கில் கார்டு உறை மேலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

ஒழுங்கான வழி ஒன்று உண்டு. கணக்கை என்ஆர்ஓவாக மாற்றும்போது அம்மாவை ஜாயின்ட்டாகச் சேர்க்கலாம், "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்ற முறையில். அதில் உங்கள் காலத்தில் அவர் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, அதனால் கூடவே உள்ளூர்ச் செலவுக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுத்து, அவர் பேரில் கார்டு தருவார்களா என்று கேளுங்கள். இதெல்லாம் முடிய நாளாகும். அதுவரைக்கும், அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு இல்லையா?

குடமுருட்டி
இருக்கு சார். கூட்டுறவு பேங்க்ல, மகளிர் உரிமைத் தொகை வர்ற அக்கவுன்ட். அந்தக் கார்டை அவங்க எடுத்ததே இல்ல.

பழைய காசாளர்
அப்புறம் என்ன தம்பி? அந்தக் கணக்கை நெட் பேங்கிங்கில் பெனிஃபிஷியரியாகச் சேர்த்து நெஃப்ட்டில் அனுப்புங்கள். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் நாள் முழுக்க ஓடுகிறது, ஞாயிறு கூட.

வரி கட்டுறவன்
ஒரு நிமிஷம். மகன் ஜெர்மனில, அம்மாவுக்கு மாசம் ஆயிரம் ரூபா உரிமைத் தொகையா? நல்லா இருக்குப்பா நாடு.

எல்பே அக்கா
அவங்க வீட்டு நெலமை உங்களுக்குத் தெரியுமா?

வரி கட்டுறவன்
விதி தெரியும். குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், நஞ்சை அஞ்சு ஏக்கருக்கு மேல இருக்கக் கூடாது, கரன்ட் வருஷத்துக்கு 3600 யூனிட் தாண்டக் கூடாது.

ஷார்ஜா பாய்
குடும்பம்னா ரேஷன் கார்டுல இருக்கறவங்க. இவர் பேரு அதுல இருக்கான்னு முதல்ல கேளுங்க. எங்க தெருவுல பாதிப்பேரு வளைகுடாலதான் இருக்கோம். மாசம் என்ன அனுப்புறோம்னு எங்களுக்குத்தான் தெரியும், வந்து பார்த்துட்டுப் பேசுங்க.

வரி கட்டுறவன்
கணக்குல வராத பணம்னு நீங்களே ஒத்துக்கறீங்க.

ஷார்ஜா பாய்
யோவ், எல்லாம் பேங்க் வழியாத்தான் அனுப்புறோம். என்னய்யா பேசுற?

நெறியாளர்
உரிமைத் தொகை பற்றிய பதிவுகளுக்கு இத்தோடு முற்றுப்புள்ளி. தொடர்ந்தால் நீக்கப்படும். கார்டு பற்றி மட்டும் பேசவும்.

சிக்னல் சிவா
பெனிஃபிஷியரி சேர்க்க ஓடிபி வேணும். ஓடிபிக்கு சிம் வேணும். அவ்ளோதான் சொல்லுவேன்.

குடமுருட்டி
அனுப்பிட்டேன், வந்துருச்சு. அம்மா அந்தக் கார்டைத் தேடி எடுத்துட்டாங்க, பீரோல பட்டுப்புடவைக்கு அடில கவர் பிரிக்காமயே இருந்துச்சாம். பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிட்டுப் போய் பின் போட்டாச்சு. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

கணக்கன்
பக்கத்து வீட்டுப் பையன். அருமை.

பழைய காசாளர்
நல்லது தம்பி. அம்மாவை அந்தப் பின்னை ஒருமுறை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வேளச்சேரிக்குப் போன கார்டை முடக்கிவிட்டீர்களா? முகவரி மாற்ற மெயில் போட்டீர்களா?

பழைய காசாளர்
தம்பி?

நெட்டிலிங்கம்
காசு வந்த கையோட ஆள் போயாச்சு சார். என்ஆர்ஓ படிவத்துல கையெழுத்தை வெளிநாட்டுல யார்கிட்ட அட்டெஸ்ட் வாங்கணும்? எனக்கே அது வேலை ஒண்ணு பாக்கி கிடக்கு.

பழைய காசாளர்
இந்தியத் தூதரகம், துணைத் தூதரகத்தில் வாங்கினால் எந்த பேங்கும் மறுக்காது. நோட்டரி போதுமா என்று உங்கள் கிளையில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், போய்வரச் செலவு மிச்சம்.