கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) வெட்டினால் பள்ளத்தில் (மலை ஓடையில்) கோடைத் தண்ணீர் திரும்புமா?

அகளிவாசி:
நம்ம அட்டப்பாடியில், பவானி நீர்ப்பிடிப்பில் நிற்கிற கற்பூர மரத்தையும் சீகையையும் (வாட்டில் மரம்) எடுக்காமல் கோடையில் பள்ளம் ஓடாதுங்க. ஆதாரம் பக்கத்திலேயே இருக்கு. நீலகிரி கிளென்மார்கனில் 1968-லிருந்து அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களை அளந்தார்கள். 1972-ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருடத்தில் அந்தப் பள்ளத்தின் வருட நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வறட்சிக்காலக் கசிவு பாதியாச்சு.

சிறுவாணிக்கரை:
கணக்கு சரிதானுங்க. ஆனால் மறுபாதியை விட்டுட்டீங்க. 1982-ல் அந்த மரங்களை வெட்டினார்கள், கட்டை துளிர்த்தது, அடுத்த பத்து வருடத்தில் குறைவு 25 சதவீதமாச்சு. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கே! மெல்போர்ன் மலைகளில் 1939 காட்டுத்தீக்குப் பிறகு முளைத்த இளங்காடும் 25, 30 வயதில் நீர்வரத்தைப் பாதியாக்கியது. அந்த மரமும் கற்பூர மரத்துக்குப் பங்காளிதான். வெட்டின முதல் இரண்டு மூன்று வருடம் ஓடுகிற தண்ணீரை நம்பக்கூடாது. அதோடு, கிளென்மார்கன் 2,000 மீட்டருக்கு மேலே. கிழக்கு அட்டப்பாடி மழைமறைவு. அந்த எண்ணை இங்கே அப்படியே ஒட்ட முடியாது.

அகளிவாசி:
துளிர்க்க விட்டது பராமரிப்புக் குறை, வெட்டியதன் குறை இல்லை. தரையோடு வெட்டி, மண்ணுக்குள் இருக்கிற பட்டை வரைக்கும் உரிக்கணும். துளிர் அந்தப் பட்டைக்கு அடியிலிருந்துதான் கிளம்பும். தப்பி வருவதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒடிக்கணும். சீகைக்கு வேற வழி. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், தீ பட்டால் மொத்தமா முளைக்கும். அதனால் கழிவைக் கொளுத்தவே கூடாது. மழை முடிந்த ஈரத்தில், முழங்கால் உயரம் வரும் முன்னே நாற்றைக் கையால் பிடுங்கணும்.

சிறுவாணிக்கரை:
பிடுங்கலாம், ஆனால் சரிவு முழுக்க ஒரே மூச்சில் வெட்டாதீங்க. கெடுப்பது கட்டை இழுக்கிற பாதை. டிராக்டர் ஏறிய மண் இறுகிப்போய் மழையை உள்ளே விடாது. ஆடியில் செந்நீரா வெள்ளம் போகும், பங்குனியில் ஊற்று இருக்காது. கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்க. முதலில் கரையோரம் 30 மீட்டர் மட்டும்.

ஆனைகட்டி அளவு:
ஓட்டத்தை அளக்க, V வடிவ வெட்டு உள்ள 90 டிகிரி வி-நாட்ச் பலகையைப் பள்ளத்துக்குக் குறுக்கே வைக்காமல் இந்த வாதம் தீராதுங்க. நாட்ச் முனைக்கு மேலே 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் வினாடிக்கு சுமார் 0.77 லிட்டர். இலை அடைத்து ஒரு சென்டிமீட்டர் ஏறினால் அதே ஓட்டம் 1.2 லிட்டர் என்று காட்டும், தண்ணீர் கூடிட்டதா நினைப்போம். அளவுகோலைப் பலகைக்கு மேல்புறம், உச்ச நீர் உயரத்தின் நாலு மடங்கு தள்ளி நடணும். பின்னால் சேரும் வண்டலை வாரணும். வெட்டாத பக்கத்துப் பள்ளத்திலும் இதேபோல் ஒரு பலகை, வெட்டுக்கு இரண்டு வருடம் முன்பிருந்தே.

அகளிவாசி:
கரை மரத்துக்குமா இரண்டு வருடம்? அதுவரை ஊர் குடிக்கிற ஊற்று?

ஆனைகட்டி அளவு:
இப்போதே வெட்டினால், அடுத்த கோடையில் வரும் தண்ணீர் மழையால் வந்ததா வெட்டால் வந்ததா என்று பிரிக்க முடியாதுங்க.