அயர்லாந்து மரபிசைக் குழு எங்கள் ஊர் மண்டபத்தில் வாசிக்கிறது: மேடை, மைக்செட் பற்றி யோசனை வேண்டும்

கேள்வி கேட்பவர்: தடப்பள்ளி வாய்க்கால்

வணக்கம். எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். இந்தியாவில் சுற்றுப்பயணம் வந்திருக்கும் அயர்லாந்து மரபிசைக் குழு ஒன்று மாசி மாதம் எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில் ஒரு மாலை வாசிக்கச் சம்மதித்திருக்கிறது. கோவைக் கச்சேரிக்கும் பெங்களூருக் கச்சேரிக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் பேசி முடித்தார். டிக்கெட் கிடையாது. நோம்பிக்கு வருவதுபோல் ஊரே வரும்.

ஐந்து பேர் வருகிறார்கள். வயலின், மரப் புல்லாங்குழல், இரண்டு கையாலும் விரித்து மடக்கி வாசிக்கும் கன்செர்ட்டினா என்ற சிறு பெட்டி, துருத்தி வைத்து வாசிக்கும் இல்லன் பைப்ஸ், பௌரான் என்ற ஒற்றைத் தோல் மேளம் ஆகியவை அவர்களின் வாத்தியங்கள்.

விழாக் குழு போட்டிருக்கும் திட்டம் இது: ஐந்தடி உயர மேடை, இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், முதலில் சிறப்பு விருந்தினர் உரைகள், இடையிடையே பொன்னாடை, கடைசியில் எங்கள் ஊர் துடும்பு மேளக் குழு அவர்களோடு சேர்ந்து அடிப்பது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் குழுவில் எடுத்துச் சொல்லக் காரணம் வேண்டும். இந்த இசையைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பதில்: ஈரோடு ஒலிபெருக்கி

மைக்செட் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எக்கோவை முழுவதும் அணைத்துவிடுங்கள். நம் பக்கத்தில் கோயில் பாட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் எக்கோ வைத்தே பழகிவிட்டார்கள். இந்த இசையில் சுரங்கள் மிக வேகமாக ஓடும். எக்கோ இருந்தால் ஒன்றோடொன்று குழைந்து இரைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்தது மின்விசிறி. மேடை ஓரத்தில் நிற்கும் பெரிய விசிறியைப் புல்லாங்குழல்காரர் பக்கம் திருப்பாதீர்கள். ஊதும் காற்றை அது கலைத்துவிடும், மைக்கிலும் புஸ்ஸென்று கேட்கும். பௌரானுக்கு மைக்கைப் பின்பக்கம், தோலின் உட்புறம் பார்த்து வைக்கச் சொல்வார்கள். அவர்கள் சொல்கிறபடி விட்டுவிடுங்கள்.

ஒலிபெருக்கி இரவு பத்து மணியோடு நிற்க வேண்டும், அது சட்டம். மாசி என்றால் பொதுத்தேர்வு நேரம் வேறு. ஒன்பதுக்கே முடிப்பது நல்லது.

---

பதில்: காங்கயத்து நர்ஸ்

தம்பி, சொந்த ஊர் காங்கயம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளேர் மாவட்டத்து எனிஸ் நகரில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். அந்த இசை விளைகிற மண்ணில் வாழ்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஐந்தடி மேடை வேண்டாம்.

அது ஆடுவதற்காகப் பிறந்த இசை. தோட்டத்து வீடுகளின் சமையலறையில் மேசை நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, அக்கம்பக்கத்தார் கூடி ஆட, மூலையில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார். 1935இல் பொது நடனங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் வந்தது. அதைக் காட்டி வீட்டுக்குள் ஆடியவர்களையும் பாதிரியார்களும் போலீசும் விரட்டியிருக்கிறார்கள். பல ஊர்களில் அந்தப் பழக்கமே ஒடுங்கிப்போனது. பிறகு 1951இல் முல்லிங்கர் நகரில் கோல்தஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, ஆண்டுதோறும் ஃப்ளா என்ற பெருவிழா நடத்தி, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து மீட்டெடுத்தார்கள். 2016, 2017 இரண்டு ஆண்டும் அந்த விழா எனிஸில்தான் நடந்தது. கடை வாசலில், நடைபாதையில், எங்கு பார்த்தாலும் வாசிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து கன்செர்ட்டினா வாசித்தார்கள்.

சாதாரண நாட்களில் மதுக்கூடத்து மூலை மேசையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். பாதிப்பேர் முதுகு நம் பக்கம் இருக்கும். ஒரு பெரியவர் மெட்டு ஒன்றைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். யாரும் யாரையும் முந்துவதில்லை. எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள், ஆனால் ஒவ்வொருவர் கையிலும் அசைவுகள் வேறு.

பைப்ஸ்காரரைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், தம்பி. அவர் வாயால் ஊதுவதே இல்லை. வலது முழங்கையால் துருத்தியை அமுக்கிக் காற்றை நிரப்புவார். இடது கைக்குக் கீழே பை இருக்கும். நாதசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் மூன்று குழல்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மெட்டு வாசிக்கும் குழலின் நுனியைத் தொடைமேல் கட்டிய தோல் துண்டில் வைத்து அழுத்துவார். நுனி அடைபட்டதும் சுரம் பட்டென்று நிற்கும். ஓடுகிற மெட்டை அப்படி நறுக்கி நறுக்கி வாசிக்கும் அழகு அரைப் பனை தூரத்தில் இருந்து தெரியாது. 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த கலை அது. நம் பிள்ளைகள் எட்டித் தொடும் தூரத்தில் இருந்து பார்க்கட்டும்.

ஆகவே ஓரடி, மிஞ்சினால் ஒன்றரை அடிப் பலகை போதும். மண்டபத்தின் நீளவாட்டுச் சுவர் ஓரமாகப் போடுங்கள், மூன்று பக்கமும் ஜனம் உட்காரட்டும். முன்வரிசை சோபாக்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பிள்ளைகள் ஆடுவதற்கு விடுங்கள்.

நாற்காலி ரொம்ப முக்கியம். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது. வில் இழுக்கவும் துருத்தி அமுக்கவும் முழங்கைக்கு இடம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கையில்லாத பழைய மர நாற்காலிகள் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் தாளமே இல்லாத மெதுவான மெட்டு ஒன்று வரும், அல்லது ஒருவர் துணை வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடுவார். நம் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். அந்த நேரத்தில் டீ கொடுப்பதை நிறுத்திவையுங்கள். பொன்னாடை எல்லாம் கச்சேரி முடிந்த பிறகு.

---

பதில்: சாய்பாபா காலனி வயலின்

அக்கா சொன்னதற்கு மேல் மேடை பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கேட்கும் முறை பற்றிக் கொஞ்சம்.

ஒரு மெட்டில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். முழு மெட்டும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து மறுபடி தொடங்கும். மூன்று சுற்று போனதும் நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில்தான் உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும். இதை ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் 'ஒரே பாட்டையே வாசிக்கிறார்கள்' என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஜிக், ரீல் எல்லாம் ஆட்ட மெட்டு வகைகள். ஜிக் என்பது தகிட தகிட. ரீல் என்பது தகதிமி. ஸ்லிப் ஜிக் வந்தால் தகிட மூன்று முறை. பல மெட்டுகள் நம் ஹரிகாம்போதி, கரகரப்பிரியா ராகங்களின் சுரங்களிலேயே அமைந்திருக்கும். காது உடனே பிடித்துக்கொள்ளும். உறவும் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினாரே, அந்த நோட்டுசுவரங்களில் 'வந்தே மீனாட்சி' அயர்லாந்து மெட்டில் அமைந்தது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்.

துடும்பு விஷயத்தில் உங்கள் தயக்கம் சரி. துடும்பு திறந்தவெளிக்கான வாத்தியம். மண்டபத்துக்குள் அடித்தால் கன்செர்ட்டினா இருக்கிற இடமே தெரியாது. ஆனால் வள்ளி கும்மி ஆடும் பெண்கள் உங்கள் ஊரில் இருப்பார்களே? பல கும்மி மெட்டுகளும் ஜிக்கைப் போல மும்மை நடைதான், அதாவது தகிட. ஒரு ஜிக் வாசிக்கும்போது அவர்கள் எழுந்து வட்டம் கட்டினால் இயல்பாகப் பொருந்தும். ஒத்திகைகூட வேண்டாம், இசைக் குழுவிடம் முன்பே சொல்லிவைத்தால் போதும்.

---

கேள்வி கேட்டவர்: தடப்பள்ளி வாய்க்கால்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு குழுக் கூட்டத்தில் இதை அப்படியே படித்துக் காட்டினேன். ஐந்தடி மேடை ஒன்றரை அடியாகக் குறைந்தது. கும்மிக்கு மாதர் சங்கத்தார் உடனே சம்மதித்துவிட்டார்கள். உரைகள் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கின்றன. துடும்புக்காரர்களுக்குத்தான் வருத்தம். தங்களை ஒதுக்கிவிட்டதாக நினைக்கிறார்கள். அவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், விட்டுவிட மனம் வரவில்லை.

---

பதில்: காங்கயத்து நர்ஸ்

ஒதுக்கவே கூடாது, தம்பி. விருந்தாளிகளை மாரியம்மன் கோயிலில் இருந்து மண்டபம் வரைக்கும் துடும்பு அடித்து அழைத்து வாருங்கள். திறந்த வீதியில் அதற்கு ஈடு எதுவும் இல்லை, அவர்களும் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். உரைகளையும் அங்கேயே, கோயில் முன்னால் முடித்துவிடச் சொல்லுங்கள். வெயிலில் நின்று யாரும் நீட்டிப் பேச மாட்டார்கள்.

கச்சேரிக்கு முன் ஒரு மணி நேரம் துடும்புக்காரர்களையும் பௌரான்காரரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். பௌரானும் பெரும்பாலும் ஆட்டுத் தோல்தான். ஈரக்காற்றுப் பட்டால் தளரும், காய்ந்தால் விறைக்கும். நம்மவர்கள் பறையை நெருப்பில் காட்டி விறைப்பேற்றுவார்கள். பௌரான்காரர் விறைத்த தோலின் உட்புறம் தண்ணீர் தடவித் தளர்த்துவார். இடது கையைத் தோலுக்குப் பின்னால் வைத்து அழுத்தி ஓசையை ஏற்றி இறக்குவதை நம் பிள்ளைகள் பார்த்தால் விடவே மாட்டார்கள். மொழி தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், மேளம் தெரிந்தவர்களுக்கு அது தடையே இல்லை.

மாசிக் காற்று வறண்டது. அதனால் அவர் நாற்காலிப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள். பைப்ஸின் நாணல் சீவாளியும் வறட்சியில் முரண்டு பிடிக்கும், சுருதி சேர்க்க நேரம் எடுக்கும். மண்டபச் சாவியை மூன்று மணிக்கே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் செய்யுங்கள், காரம் இல்லாமல் வயிறு நிறையும்.