'பிரீமியர்ஷிப்' என்பதற்குத் தமிழ்ச் சொல்: ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துக் கட்டுரைக்காக

நெல்லையான் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் தொடக்க காலப் போட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் உடம்பு தளராமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்று 1858 ஜூலையில் மெல்போர்ன் கிரிக்கெட்காரர் டாம் வில்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே ஸ்காட்ச் காலேஜ், மெல்போர்ன் கிராமர் என்ற இரு பள்ளிகளும் பக்கத்துக்கு 40 பேரை இறக்கி, மூன்று சனிக்கிழமைகள் ஆடி, ஆளுக்கொரு கோலோடு சமனில் முடித்துக்கொண்டன. 1859 மே மாதம் பத்து விதிகளை எழுதினார்கள். இதுவரை தமிழில் தடையில்லாமல் வந்துவிட்டது.

1877-இல் மாட்டிக்கொண்டேன். அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று அடிலெய்டில் தெற்கு ஆஸ்திரேலியக் கால்பந்துச் சங்கம் உருவாகிறது. சில நாள் கழித்து மே மாதத்தில் விக்டோரியா கால்பந்துச் சங்கம். இரண்டும் தத்தம் குடியேற்றத்தில் (இன்றைய மாநிலங்கள் அன்று தனித்தனி பிரிட்டிஷ் குடியேற்றங்கள்) கழகங்களை ஒரு குடையின் கீழ் கொண்டுவருகின்றன. அதன்பின் ஆண்டுதோறும் ஓர் அணி 'பிரீமியர்ஷிப்' பெறுகிறது, அந்த அணி 'பிரீமியர்ஸ்' ஆகிறது. விக்டோரியாவில் முதல் ஆண்டு கார்ல்டன். அடுத்த மூன்று ஆண்டுகள் ஜீலாங். அடிலெய்டுப் பக்கம் 1878 முதல் 1883 வரை ஆறு ஆண்டும் நார்வுட்.

'சாம்பியன்' என்று போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்து வேறொன்றை எடுத்திருக்கும்போது நாம் இரண்டையும் ஒன்றாக்கினால், பின்னால் எங்கோ உதைக்கும் என்று தோன்றுகிறது. என்ன சொல்லலாம்?

சொல்லுழவு எழுதியது:

நெல்லையான் தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? 'வாகை' இருக்கிறதே. நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் தினமும் 'வாகை சூடியது' என்று வருகிறது. பிரீமியர்ஷிப் = வாகை. பிரீமியர்ஸ் = வாகையர். இரண்டு சொல்லும் குட்டையானவை, அட்டவணையில் அடங்கும்.

கொங்குத்தமிழ் எழுதியது:

'பிரீமியர்ஷிப்' என்றே விட்டுவிட்டால் என்ன கெட்டுவிடும்? லீக், கோல், பெனால்டி எல்லாம் அப்படித்தானே வந்தன.

ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். நம்மூர் வாசகருக்குப் 'பிரீமியர்' என்றால் ஐபிஎல்தான். அங்கே அது போட்டித்தொடரின் பெயரில் ஒட்டிய அலங்காரம். இங்கே பட்டத்தின் பெயர். கார்ல்டன் 'பிரீமியர்ஷிப் பெற்றது' என்று படித்தால், பிரீமியர் என்ற தொடரில் சேர்த்துக்கொள்ளப்பட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

'முதல்வர்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். ஆஸ்திரேலிய மாநிலங்களில் அரசின் தலைவருக்கும் 'பிரீமியர்' என்றுதான் பெயர். கார்ல்டன் அணி விக்டோரியாவின் முதல்வர் ஆனது என்று வந்து நிற்கும். 'மேலிடம்' என்றாலோ கட்சி மேலிடம்தான் கண்ணுக்கு வரும்.

மெல்பேர்ண்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த ஊரில் நெடுங்காலம் இருப்பவன், பிள்ளைகளோடு சேர்ந்து இந்த உதைபந்தாட்டப் பைத்தியமும் தொற்றிவிட்டது. சொல்லுக்குள் போவதற்கு முன் அந்தப் பட்டம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அது ஒரு காலத்தில் வென்றெடுக்கும் பொருளாகவே இருக்கவில்லை.

முதலில் கிண்ணம் என்ற சொல்லை ஒதுக்கிவிடுவோம். 1860களின் தொடக்கத்தில் கலிடோனியன் சங்கம் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அமைப்பு ஒரு சவால் கிண்ணத்தைக் கொடுத்தது. 1870 வாக்கில் சவுத் யாரா பெயரில் இன்னொன்று. கிண்ணத்தை வைத்திருக்கும் கழகத்தை மற்றக் கழகம் சவாலுக்கு அழைக்கும், வென்றால் எடுத்துக்கொண்டு போகும். பருவ முடிவில் யார் முதல் என்பது வேறு கணக்கு. ஆகவே பிரீமியர்ஷிப்பைக் 'கிண்ணம்' என்றோ 'கோப்பை' என்றோ எழுதினால் இரண்டும் குழம்பும்.

அடுத்து 1877க்குப் பிறகான பத்து ஆண்டுகள். சங்கம் இருந்தது, ஆனால் இன்று நாம் நினைக்கும் அட்டவணை இருக்கவில்லை. கழகச் செயலாளர்கள் தங்களுக்குள் பேசி ஆட்டங்களை ஒழுங்கு செய்தார்கள். ஒரு கழகம் அதிகம் ஆடும், இன்னொன்று குறைய ஆடும். பெரிய கழகம் 20 பேரோடு இறங்க, சின்னக் கழகத்துக்கு இன்னும் சில ஆட்கள் கூடுதலாக இறங்க அனுமதி கிடைக்கும். அப்படிப்பட்ட வெற்றியை என்னவென்று எடை போடுவது? பருவம் முடிந்ததும் பத்திரிகையில் எழுதுபவர்கள் வெற்றி, தோல்வி, சமன், அடித்த கோல், வாங்கிய கோல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த ஆண்டு இவர்கள்தான் என்பார்கள். பெரும்பாலும் ஊரும் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதவர் அடுத்த பருவம் வரை சண்டை பிடிப்பார். புள்ளி கொடுத்துக் கணக்கு வைக்கும் முறை 1888இல்தான் விக்டோரியாச் சங்கத்துக்கு வந்தது.

அதனால்தான் 'வாகை'யில் எனக்குத் தயக்கம். வாகை என்றால் களத்தில் ஒருவனை வீழ்த்திவிட்டுச் சூடுவது. 1878இல் ஜீலோங் கடைசியாக யாரை வீழ்த்திப் பட்டம் பெற்றது? அப்படி ஓர் ஆட்டமே கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1888இல் சவுத் மெல்பேர்ண் விக்டோரியாவின் பிரீமியர்ஸ், நோர்வூட் தெற்கு அவுஸ்திரேலியாவின் பிரீமியர்ஸ். இரண்டும் அடிலெய்டில் மூன்று ஆட்டம் ஆடின, மூன்றிலும் நோர்வூட் வென்றது. அந்தத் தொடருக்குக் கொடுத்த பெயர் 'சம்பியன்ஷிப் ஒஃப் அவுஸ்திரேலியா'! இரண்டு பிரீமியர்களுக்கு இடையே ஒரு சம்பியன்ஷிப். நெல்லையான் பயந்தது இங்கேதான் உதைக்கிறது. வாகையை முன்னதுக்குக் கொடுத்துவிட்டால் பின்னதுக்கு என்ன மிஞ்சும்?

என் முன்மொழிவு: 'முதன்மை'. ஊர் ஒப்புக்கொண்டு கொடுத்தாலும் முதன்மைதான், புள்ளியால் வந்தாலும் முதன்மைதான், ஆட்டத்தில் பறித்தாலும் முதன்மைதான்.

சொல்லுழவு எழுதியது:

மெல்பேர்ண்வாசி ஐயாவின் மடலுக்கு நன்றி. 1888 தொடரை நான் அறிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வாகையைப் பிரீமியர்ஷிப்புக்குக் கேட்டு நிற்க முடியாது, சாம்பியன்ஷிப்புக்கு வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். வாகைக்குப் போர்க்களம் மட்டும் பொருளில்லை. தொல்காப்பியத்தில் வாகைத் திணை என்பது அந்தணர், அரசர் முதலாக யாரும் தத்தம் துறையில் மிகுந்து விளங்குவதைச் சொல்வது. யாரையும் வீழ்த்தாமலே ஊர் மெச்சும் மேன்மைக்கும் அதில் இடமுண்டு. ஆக ஜீலாங் சூடியிருந்தால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சரி, விட்டுவிடுகிறேன்.

இப்போது என் முறை. 'முதன்மை' சும்மா நிற்காது. முதன்மைச் செயலாளர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று அலுவலகம் முழுக்க அதுதான். 'முதன்மை அணி' என்று எழுதினால் ஒரு கழகத்தின் பிரதான அணி, மற்றது இரண்டாம் நிலை அணி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பழைய கழகங்களில் அப்படி இரண்டாம் அணிகளும் இருந்திருக்குமே? கூடவே ஒரு சொல் வேண்டும். 'முதன்மைப் பட்டம்' என்று ஆக்கினால் தப்பிக்கலாம்.

கொங்குத்தமிழ் எழுதியது:

'முதன்மைப் பட்டம்' எனக்கும் சரி. அந்த அணியை 'பட்ட அணி' என்று சுருக்கலாமா? கொஞ்சம் பள்ளி விழா வாடை அடிக்கிறது. 'பட்டம் பெற்ற அணி' என்று விரித்தே எழுதுவது மேல்.

நெல்லையான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. முதன்மைப் பட்டம் நிற்கும் போலிருக்கிறது. ஆனால் கட்டுரை 1930 வரை போகிறது. அங்கே 'மைனர் பிரீமியர்ஷிப்' என்று இன்னொன்று வருகிறது. 'சிறு முதன்மைப் பட்டம்' என்று போட்டுப் பார்த்தேன், சின்னப் பையன்களுக்கான போட்டி மாதிரி இருக்கிறது.

மெல்பேர்ண்வாசி எழுதியது:

சிறு என்பது வேண்டாம் தம்பி. அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

1896 பருவத்தில் கொலிங்வூட்டும் சவுத் மெல்பேர்ணும் சமமாக முடித்தன. பட்டத்தைத் தீர்க்க ஒக்ரோபர் 3 அன்று ஈஸ்ட் மெல்பேர்ண் மைதானத்தில் தனி ஆட்டம் வைத்தார்கள். கொலிங்வூட் 6 கோல், சவுத் மெல்பேர்ண் 5. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முதல் நாள்தான் இந்த இரண்டும் உட்பட ஆறு கழகங்கள் கூடிச் சங்கத்தை விட்டுப் போவதென்று முடிவெடுத்திருந்தன. நுழைவுக் கட்டணப் பணத்தைப் பலவீனமான கழகங்களோடு பங்கிடச் சொன்னதில் பலமான கழகங்களுக்கு எரிச்சல். எசெண்டன், ஃபிட்ஸ்றோய், ஜீலோங், மெல்பேர்ண் மற்ற நான்கு. கார்ல்டனையும் செயின்ற் கில்டாவையும் சேர்த்துக்கொண்டு எட்டாக விக்டோரியா லீக்கைத் தொடங்கின. முதல் ஆட்டங்கள் 1897 மே 8. அந்த ஆண்டிலிருந்துதான் கோலுக்கு 6, பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1 என்ற புள்ளிக் கணக்கு. அதற்கு முன் கோல் மட்டுமே எண்ணப்பட்டது.

லீக் செய்த பெரிய மாற்றம், பருவ ஆட்டங்கள் முடிந்த பிறகு மேலே உள்ள நான்கு அணிகளை வைத்து இறுதிச் சுற்று நடத்தியது. 1897இல் நான்கும் ஒன்றோடொன்று ஆடின, எசெண்டன் மூன்றையும் வென்றது, இறுதிப் போட்டி என்று ஒன்று தேவைப்படவில்லை. 1898இல் ஃபிட்ஸ்றோய் எசெண்டனை வென்றதே முதல் 'கிராண்ட் ஃபைனல்'.

இப்போது கேள்வி வந்துவிட்டது: பருவம் முழுக்க உழைத்து முதலாவதாக வந்த அணி, ஒரு சனிக்கிழமை சறுக்கினால் எல்லாம் போய்விடுவதா? அதற்காக அந்த அணிக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். 1902 முதல் 1930 வரை, 1924 நீங்கலாக, பட்டியலில் முதலில் வந்த அணி இறுதிச் சுற்றில் தோற்றாலும், சுற்றை வென்ற அணியைச் சவாலுக்கு அழைக்கலாம். அந்தச் சவால் ஆட்டம்தான் கிராண்ட் ஃபைனல். தேவைப்படாத ஆண்டும் உண்டு. 1929இல் கொலிங்வூட் பருவ ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை, அரையிறுதியில் ரிச்மண்டிடம் செம அடி வாங்கியது, பிறகு சவால் உரிமையில் வந்து அதே ரிச்மண்டை வென்று பட்டத்தை எடுத்தது. 1931இல் அந்த உரிமையை நீக்கிவிட்டார்கள்.

ஆக 'மைனர்' என்பது பட்டியலில் முதலாவது வந்தது. உங்கள் ஊரில் புள்ளிப்பட்டியல் என்கிறீர்கள் அல்லவா? 'பட்டியல் முதலிடம்' போதும். 'பட்டம்' என்ற சொல்லை அதற்குத் தரவேண்டாம். 1902க்குப் பின் அது பட்டம் அல்ல, சவாலுக்கு உரிமை மட்டுமே.

இன்னொன்று. அந்த விக்டோரியா லீக்கின் இன்றைய வடிவமான ஏ.எஃப்.எல். (அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்) தன் பட்டக் கணக்கை 1897இலிருந்துதான் எண்ணுகிறது. ஜீலோங் பழைய சங்கத்தில் பெற்ற ஏழும், கொலிங்வூட்டின் 1896ம் அந்தக் கணக்கில் வராது. உங்கள் அட்டவணையில் எந்தச் சங்கத்தின் முதன்மைப் பட்டம் என்று கட்டாயம் எழுதுங்கள். வி.எஃப்.எல். (விக்டோரியா லீக்) என்ற சுருக்கத்தையும் பார்த்துப் போடுங்கள்: லீக் 1990இல் ஏ.எஃப்.எல். ஆனது, பழைய சங்கம் 1996இல் அந்த வி.எஃப்.எல். பெயரைத் தான் எடுத்துக்கொண்டது. பிரிந்துபோனவர் விட்டுச்சென்ற பெயரை மூத்தவர் மாட்டிக்கொண்ட கதை.

நெல்லையான் எழுதியது:

ஐயா, இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சொன்னதற்கு மிக்க நன்றி. நான் நேராக அதில் போய் விழுந்திருப்பேன்.

சொற்களைப் போட்டு நாலு வரி எழுதிப் பார்த்தேன்:

> 1877 பருவத்துக்கான முதன்மைப் பட்டத்துக்கு உரிய அணியாகக் கார்ல்டன் ஏற்கப்பட்டது. 1888 முதல் பட்டம் புள்ளிகளால் முடிவாயிற்று. அதே ஆண்டு, இரு குடியேற்றங்களின் முதன்மைப் பட்டம் பெற்ற அணிகளும் ஆஸ்திரேலிய வாகைக்காக மோதின. நார்வுட் வாகை சூடியது. 1929-இல் பட்டியல் முதலிடம் பெற்ற காலிங்வுட், அரையிறுதியில் தோற்றும், சவால் உரிமையால் முதன்மைப் பட்டத்தை வென்றது.

1877-க்கு 'ஏற்கப்பட்டது', 1929-க்கு 'வென்றது' என்று வினையை மாற்றியிருக்கிறேன். 'கிராண்ட் ஃபைனல்' என்பதை 1930 வரை 'சவால் இறுதி' என்றும், அதற்குப் பிறகு 'இறுதிப் போட்டி' என்றும் எழுத நினைக்கிறேன்.

சொல்லுழவு எழுதியது:

வரிகள் நன்றாக ஓடுகின்றன. வாகைக்கும் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. 'சவால் இறுதி' மட்டும் 1898-க்குப் பொருந்துமா என்று மெல்பேர்ண்வாசி ஐயா பார்த்துச் சொல்லட்டும், அவர் சொன்ன சவால் உரிமை 1902-இல் தொடங்குகிறதே.

மெல்பேர்ண்வாசி எழுதியது:

நல்ல கேள்வி. 1898க்கு 'இறுதிப் போட்டி' என்றே போடுங்கள், 'சவால் இறுதி'யை 1902 முதல் 1930 வரைக்கு வைத்துக்கொள்ளலாம். 1924க்கு மட்டும் இரண்டும் வேண்டாம், அந்த ஆண்டு 1897 போல நான்கும் ஒன்றோடொன்று ஆடின.

அப்புறம், ஒரு புள்ளி தரும் 'பிஹைண்ட்' இருக்கிறது. அதற்கு என்னிடம் இரண்டு சொல் உண்டு, இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை. தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே அடிபடுகிறேன்.