முகர்விழப்பா, மணமின்மையா?

நண்பர்களுக்கு வணக்கம். கொரோனா போன்ற நோய்களில் வாசனையோ சுவையோ தெரியாமல் போவதை ஆங்கிலத்தில் அனோஸ்மியா, அகியூசியா என்கிறார்கள். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளைக் கீழே தந்து பதில் எழுதுகிறேன்.

> அனோஸ்மியா = மணமின்மை, அகியூசியா = சுவையின்மை. சின்னச் சொற்கள், எல்லாருக்கும் புரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

புரியும்தான், ஆனால் வேறாகப் புரியும். பிளாஸ்டிக் பூவுக்கு மணமில்லை என்றால் அது பூவின் குறை. ரோஜாவை மூக்கோடு ஒட்டிப் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் குறை நம்மிடம். நாம் சொல் தேடுவது இந்த இரண்டாவதற்கு. எனக்குக் காய்ச்சல் கண்டபோது நிரப்பத் தந்த படிவத்தில் "மணமின்மை உண்டா?" என்றிருந்தது. பக்கத்திலிருந்த அத்தை, "எதுக்கு மணம் இல்லையாம்?" என்றார். நியாயமான கேள்வி. ('மணமிழப்பு' என்றால் இன்னும் மோசம், விவாகரத்து போல ஒலிக்கிறது.)

ஆகவே பொருளின் குணத்தை விட்டுவிட்டு ஆளின் புலனிலிருந்து தொடங்குவோம். 'மோப்பம்' நல்ல பழஞ்சொல். "மோப்பக் குழையும் அனிச்சம்" என்கிறது குறள். இன்று அதைச் சொன்னால் போலீஸ் நாய்தான் கண்முன் வருகிறது. 'நுகர்வு' நுகர்வோர் நீதிமன்றத்துக்குக் குடிபோய்விட்டது. ஐம்புலனைச் சொல்லும்போது வள்ளுவர் "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று இயல்பாக எழுதிவிட்டார். நாம் எழுதினால் படிப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். எஞ்சியிருப்பது 'முகர்'. எனவே என் பரிந்துரை: முகர்விழப்பு.

'முகர்வின்மை' என்ற சொல்லையும் தூக்கி எறிய வேண்டாம். கால்மன் நோய்க்கூட்டு என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களில் பலர் பிறவியிலேயே முகரும் திறன் அற்றவர்கள். இல்லாததை இழக்க முடியாதே. அவர்களுக்கு இன்மை, வைரஸ் தொற்றியவர்களுக்கு இழப்பு.

> சளி பிடித்தாலும் வாசனை தெரியாது. அதற்கும் இதே சொல்லா?

இதே சொல்தான், காரணத்தை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். சளியில் பெரும்பாலும் வழி அடைபட்டு, மூக்கின் உச்சியிலுள்ள முகர்படலத்துக்குக் காற்று போய்ச் சேர்வதில்லை. கொரோனாவில் மூக்கு ஒழுகாமல், அடைக்காமல், திடீரென்று வாசனை போனதுதான் மருத்துவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது. வைரஸ் முதலில் தாக்குவது முகர் நரம்புச் செல்களை அல்ல, அவற்றை அணைத்து நிற்கும் தாங்குசெல்களை. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் இவற்றில்தான் இருக்கிறது. பலருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பியதற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறார்கள். 2020 மே 18 அன்று பிரிட்டன் முகர்விழப்பைக் கொரோனாவின் அதிகாரப்பூர்வ அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது.

இனி சுவை. "வாயில் ருசியே இல்லை" என்பவர்களில் பலருக்கு உண்மையில் போனது முகர்வு. காய்ச்சலின் மூன்றாம் நாள் எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்தேன். புளித்தது, நன்றாகவே புளித்தது. ஆனால் எலுமிச்சையைக் காணோம், வெறும் புளிப்பு. எலுமிச்சை என்று நாம் அறிவது வாயிலிருந்து தொண்டை வழியே பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணம். நாக்கு தனித்து அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) அவ்வளவே. நம் அறுசுவைப் பட்டியலிலுள்ள கார்ப்பு சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை. மிளகாய் எரிகிறது என்பதை வைத்துச் சுவை இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

நாக்கின் புலனே போனால் என்ன சொல்வது? 'சுவைப்பிழப்பு' என்று எழுதிப் பார்த்தேன், வேகமாகப் படித்தால் யாரோ பிழைப்பு நடத்துவது போலிருக்கிறது. 'சுவையிழப்பு' கவிதைக்கும் நேரும். நீளமானாலும் 'சுவையுணர்விழப்பு' இருக்கட்டும்.

மற்றவை: வாசனை மங்கினால் முகர்வுக்குறை. குணமாகும் காலத்தில் காப்பி கருகலாகவோ அழுகலாகவோ அடிப்பது முகர்வுத்திரிபு. இல்லாத வாசனை வருவதற்கு 'முகர்வு மயக்கம்' என்றிருந்தேன். முகர்ந்ததும் மயங்கி விழுவதா என்று அத்தை கேட்டுவிட்டார். இப்போதைக்குப் பொய்முகர்வு. இதைவிட நல்லது கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.