பழைய பக்கவாட்டு விளையாட்டுகளின் விதிகளில் எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

தண்டையார்பேட்டைவாசி (கேள்வி):
வணக்கம். என் அக்கா மகன் கல்லூரித் திட்டப்பணிக்காக, ஆள் திரையில் பக்கவாட்டில் ஓடித் தாவும் மாரியோ பாணியில் ஒரு சிறு வீடியோ விளையாட்டைத் தயாரித்து வருகிறான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பையன் படகுக்குப் படகு தாவிச் செல்வதுதான் ஆட்டம். தொண்ணூறுகளில் பர்மா பஜார் கேசட்டுகளில் நாங்கள் ஆடிய விதிகள் அத்தனையும் அதில் அப்படியே இருக்கின்றன: இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும், பள்ளத்தில் விழுந்தால் எவ்வளவு சக்தி இருந்தாலும் ஒரு லைஃப் போய்விடும், அடிபட்டவுடன் உருவம் சற்று நேரம் மின்னும், மூன்று லைஃபும் தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றில் எவை அன்றைய கருவியின் போதாமையால் வந்தவை? கடைசி விதி எனக்கு வீண் தண்டனையாகப் படுகிறது. அவனோ அதை விட மறுக்கிறான்.

பெரம்பூர் கேசட் பிரியர்:
மூன்று லைஃப் என்பது காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் மிச்சம். 1981இல் வந்த 'டாங்கி காங்' போன்றவற்றில் ஆட்டம் விரைவில் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வீட்டுக் கருவிக்கு வந்தபோது காசு போடும் துளை இல்லாமல் போனது. விதி மட்டும் தங்கிவிட்டது. அதைச் செய்தவர்களே இதைத் தளர்த்த வழி வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது: ஆட்டம் முடிந்த பின் முகப்புத் திரையில் ஏ பொத்தானை அழுத்தியபடியே ஸ்டார்ட் கொடுத்தால், இறந்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம்.

பின்னால் திரும்ப முடியாமல் இருந்ததற்கு நினைவகம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்தக் கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட்தான். கடந்துவிட்ட திரை திரும்பி வராது என்றால் எந்தச் செங்கல் உடைந்தது, எந்தக் காசு எடுக்கப்பட்டது என்று நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. 1988இல் வந்த மூன்றாம் மாரியோவில் திரும்பி நடக்கலாம்.

மின்னுவதை மட்டும் எடுத்துவிட வேண்டாம். எதிரியைத் தொட்டோமா என்று ஆட்டம் நொடிக்கு 50, 60 முறை சரிபார்க்கிறது. அடிபட்ட பின் சிறிது நேரம் விலக்கு இல்லையென்றால் ஒரே உரசலில் முழுச் சக்தியும் கரைந்துவிடும். அந்த விலக்கு இன்னும் நீடிக்கிறது என்பதைத்தான், உருவத்தை ஒரு ஃப்ரேமில் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று) வரைந்து அடுத்ததில் வரையாமல் விட்டுக் காட்டுகிறார்கள்.

வியாசர்பாடி நிரலர்:
எல்லாவற்றையும் கருவியின் குறையாகவோ காசின் கணக்காகவோ பார்ப்பது பாதி உண்மை. மாரியோவின் முதல் ஸ்டேஜில் எழுதிய குறிப்பு எதுவுமே இல்லை. ஆள் இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெட்டவெளி, அங்கிருந்து முதல் எதிரி வருகிறது. தாவாமல் நின்றால் இறப்பு, ஆனால் தொடங்கிச் சில நொடிகளே ஆகியிருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. அடுத்துக் கேள்விக்குறிப் பெட்டியிலிருந்து வெளிவரும் காளான் வலப்பக்கம் ஓடிக் குழாயில் மோதி ஆட்டக்காரரை நோக்கியே திரும்பும். எதிரி என்று பயந்து தாவினாலும் மேலேயுள்ள செங்கல்லில் தலை இடித்து அதன்மீதே விழ நேரும், உடனே ஆள் பெரியவராகிவிடுவார். இப்படிப் பாடம் சொல்ல, எந்தப் பக்கம் போவது, எதைத் தொடுவது என்பதில் ஆட்டத்துக்கும் ஆடுபவருக்கும் ஓர் உடன்பாடு இருக்க வேண்டும். பள்ள விதியும் அப்படித்தான். 1991இல் வந்த 'சோனிக்'கில் ஒரு வளையம் கையிலிருந்தாலே எதிரியின் அடியைத் தாங்கலாம். அடியற்ற பள்ளத்தில் விழுந்தால் அங்கும் இறப்புதான்.

லைஃப் எண்ணிக்கை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 2018இல் வந்த 'செலஸ்ட்' மிகக் கடினமான ஆட்டம், ஆனால் இறந்த திரையிலேயே உடனே மறுபடி தொடங்கலாம்.

ராயபுரம் கடலோரன்:
தம்பியிடம் இரண்டு செய்திகள் சொல்லுங்கள். படகின் விளிம்பைத் தாண்டிய பின்னும் ஐந்தாறு ஃப்ரேம்கள் வரை தாவும் பொத்தானை ஏற்றுக்கொள்ளச் செய்யட்டும். இல்லையென்றால் சரியாக அழுத்தியவர்கூட ஆட்டம் ஏமாற்றுகிறது என்பார். இரண்டாவது, மாரியோவின் முதல் ஸ்டேஜ் முடிவில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவில் தரை இருக்கும்; அடுத்த ஜோடியின் நடுவில் பள்ளம் இருக்கும். அவனும் முதல் இரண்டு படகுகளுக்கு நடுவே ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைத்து, தண்ணீரை அடுத்த தாவலுக்கு விட்டுவைக்கட்டும்.