தண்ணீருக்கடியில் போன தீஞ்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

பனித்துளி:
பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1952-ல் அணைக்காக மூழ்கடித்த பழைய தீஞ் ஊரைப் பார்க்கப் போனேன். போன ஏப்ரலில், மேலே உள்ள புதிய தீஞ்சுக்குப் போகும் பேருந்தில் இருந்து, அணை ஏரிக்கு அருகில் இருக்கும் லே புவாஸ் என்ற இடத்தில் இறங்கினேன். அணை ஏரியில் தண்ணீர் ரொம்பக் கீழே போய், சேற்றுச் சரிவு வெளியே தெரிந்தது. பழைய ஊர்க் கோயிலைப் போலவே திரும்பக் கட்டிய தேவாலயம் உங்களுக்குத் தெரியும்தானே, அதன் வாசலில் ஒரு பாட்டி. கைத்தடியை நீட்டி, "எங்கள் அடுப்பங்கரை அங்கே" என்றார். 1952-ல் அவருக்கு ஏழு வயதாம். அப்புறம் தடியை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி, "இல்லை, அங்கே" என்றார். அந்த இரண்டு விரற்கடை இன்னும் என்னை விடவில்லை.

குன்றேறி:
நான் போனது ஆகஸ்டில். விடுதிகள் சூழ்ந்த ஏரிக்கரையில் நின்று, இதற்கடியில் ஓர் ஊர் கிடக்கிறதே என்று அழுதேன். பிள்ளைகள் படகு விட்டதைப் பார்த்துக் கோபமே வந்தது.

வைகறை:
குன்றேறி, நீங்கள் நின்றது வேறு ஏரி. அது 2,100 மீட்டர் உயரத்தில் இயற்கையாகவே உள்ளது, அதற்கடியில் ஊர் கிடையாது. பழைய தீஞ் கீழே ஈஸேர் ஆற்றோரம் இருந்தது. 180 மீட்டர் உயர அணையைக் கட்டி, ஆட்களைக் காவல்படை வைத்து வெளியேற்றி, வீடுகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுத்தான் மூழ்கடித்தார்கள். கல்லறைகளைக்கூடத் தோண்டி மேலே கொண்டுபோனார்கள். இதைக் குழப்பினால் அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

2000-ல் அணை ஏரியை முழுக்க வடித்தபோது நான் போனேன். இடிந்த சுவர்களுக்கு நடுவே ஒருவர் காலடியை எண்ணி எண்ணி நடந்தார்.

இனிப் போகிறவர்கள் பூர்-சேன்-மொரிஸ் வரை ரயிலில் போய்ப் பேருந்து பிடியுங்கள். கோடையில் போனால் பனி உருகி ஏரி நிரம்பிவிடும், நீலத் தண்ணீர்தான் தெரியும். குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுத்து முடித்த ஏப்ரல்தான் சரி. சேற்றில் மட்டும் இறங்காதீர்கள், காய்ந்த மாதிரி இருக்கும், கால் புதைந்துவிடும். அணைச் சுவரில் 1989-ல் வரைந்த ஹெர்குலிஸ் என்ற புராண வீரனின் ஓவியம் மங்கிவிட்டது, அதற்காக அலையவேண்டாம். தேவாலயத்துக்குள் போய்ப் பழைய ஊரிலிருந்து காப்பாற்றிய பீட அலங்காரங்களைப் பாருங்கள்.

குன்றேறி:
சரி, ஏரியை மாற்றித்தான் அழுதிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். பனித்துளி, பாட்டியின் பெயரைக் கேட்டீர்களா?

பனித்துளி:
இல்லை. அடுத்த பேருந்து வந்துவிட்டது, ஓடிவிட்டேன்.