மறு: பென்சில் ஓவியத்தில் ‘ஹைலைட்’ – ‘விடுவெள்ளை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓவியத்தில் ஒரு பொருளின்மேல் வெளிச்சம் பட்டு மிக வெளுப்பாக மின்னும் இடத்தை ஆங்கிலத்தில் ‘ஹைலைட்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நேற்று இந்த இழையில் ஐயா ‘ஒளிர்புள்ளி’ என்றார்கள், அக்கா ‘உச்சவொளி’ என்றார்கள். பதில் எழுதுமுன் ஒரு படத்தை எடுத்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். தங்கை மகள் வரைந்தது. எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பை ஜன்னலோரம் வைத்து, வெறும் பென்சிலில் வரைந்திருக்கிறாள்.

படத்தில் மஞ்சள் துளியும் இல்லை. ஆனாலும் புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு கண்ணில் படுகிறது. மண்பானையில் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கித்தான் நிழலாகும். தேய்த்த உலோகத்தில் வெள்ளையும் கருமையும் ஒட்டி ஒட்டி நிற்கும், நடுவில் சாம்பலுக்கு இடம் குறைவு. அதை அழகாகப் பிடித்திருக்கிறாள். சொம்பின் வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரிகிறது, கம்பிகள்கூட. வலப்பக்க நசுங்கலில் அந்த வெள்ளை ஒடிந்து திரும்புகிறது. அது எந்தப் பொங்கலுக்கு விழுந்த நசுங்கல் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதையும் விடாமல் போட்டிருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோனேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சொம்பின் கழுத்தில் அந்த ஹைலைட் வளைகோடு, வயிற்றில் ஜன்னல் வடிவம். ‘புள்ளி’ இரண்டுக்கும் பொருந்தவில்லை. ‘ஒளிர்’ என்பதும் இடிக்கிறது. பாடநூல்களில் சூரியனைப் போலத் தானே ஒளி தருவதைத்தான் ‘ஒளிரும் பொருள்’ என்கிறோம். சொம்போ தன்மேல் பட்டதைத் திருப்பி அனுப்புகிறது. ‘உச்சவொளி’ நல்ல சொல். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், அங்கே கடைசியில் வெள்ளைச் சாயத்தை எடுத்து வைக்க முடியும்.

பென்சிலில் வெள்ளை ஏது? உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் 2எச் வகைப் பென்சில் போலக் கடினமாகிக் கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் 6பி போல மென்மையாகிக் கறுக்கும். எதை எடுத்தாலும் தாள் கருமையை நோக்கித்தான் போகும். சொம்பில் மின்னுவது அவள் தொடாமல் விட்ட தாள். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை கை அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறது. அந்தப் பொறுமை சொல்லுக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை.

அதனால்தான் ‘விடுவெள்ளை’ என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: விட்ட, விடுகின்ற, விடும் வெள்ளை. தாளை இப்படியே விட்டு வரையும் நீர்வண்ணக்காரர்களுக்கும் உதவும். ‘விடிவெள்ளி’ போல ஒலிக்கிறதே, குழம்பாதா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்த ஒலி பிடித்தே இருக்கிறது. ஒருமுறை கேட்டால் மறக்காது.

ஒரு சிக்கல் மிச்சம். தீட்டிய இடத்தில், மாவு போலப் பிசையக்கூடிய அழிரப்பரை ஒற்றி எடுத்து வெள்ளையை மீட்பதும் உண்டு. சொம்பின் விளிம்பில் அவள் அப்படிச் செய்திருக்கிறாள். கிட்டப் பார்த்தால் தெரிகிறது, தாளின் நார்களுக்குள் கிராஃபைட் கொஞ்சம் தங்கி, அந்த வெள்ளை சற்று மங்கல். அதையும் விடுவெள்ளை என்றால் பொய்யாகிவிடும். ‘ஒற்றுவெள்ளை’ எனலாமா? ‘ஒற்று’ என்றதும் எனக்கு மெய்யெழுத்து முன்னால் வந்து நிற்கிறது, அதனால் ‘மீள்வெள்ளை’ பக்கம் சாய்கிறேன். அக்கா, உங்கள் காதுக்கு எது இசைகிறது?

அன்புடன்.